மந்திரத்திற்கு எந்தக் கை?

சனிக்கிழமை மாலை என்றால் விடுதிப் பெண்கள் துணி துவைப்பார்கள், தலைக்கு எண்ணெய் வைப்பார்கள், வீட்டுக்குக் கடிதம் எழுதுவார்கள் என்று எண்ணியிருக்கும் பெற்றோர் எங்களை மன்னிக்க வேண்டும். சென்ற ஆண்டு முழுவதும் அந்த மாலைப் பொழுதுகளில் நாங்கள் நால்வரும் வாளெடுத்துப் போரிட்டோம், மந்திரமும் போட்டோம். எங்களை அந்தப் பாதையில் இழுத்துச் சென்றவர் பன்னிரண்டாம் வகுப்பு அக்கா ஒருவர்.

விளையாட்டின் பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. பலகையோ காய்களோ இல்லாமலே ஆடலாம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் பாலத்துக்கடியில் ஒளிகிறேன்" என்று வாயால் சொல்லிக்கொண்டே போக வேண்டியதுதான். நடக்குமா நடக்காதா என்ற ஐயம் வந்தால் இருபது பக்கப் பகடை தீர்ப்புச் சொல்லும். அப்படியொரு பகடைக்கு நாங்கள் எங்கே போவது? 1 முதல் 20 வரை சீட்டெழுதி, காலிப் பவுடர் டப்பாவில் போட்டுக் குலுக்கினோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1979இல் அமெரிக்காவிலேயே பகடைத் தட்டுப்பாடு வந்து, இந்த விளையாட்டின் பெட்டிகளில் பகடைக்குப் பதிலாக எண் சீட்டுகளைத்தான் வைத்து விற்றார்களாம்!

இதை 1974இல் வெளியிட்டவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர். அதற்கு மூன்றாண்டு முன்பு, 1971இல், 'செயின்மெயில்' என்றொரு போர் விளையாட்டு வந்திருந்தது. அதில் பொம்மைப் படைகளை மேசைமேல் மோத விடுவார்கள். மந்திரவாதி தீக்கோளம் வீசினால், பெரிய கவண்பொறியின் கல் விழுந்தாற்போல் கணக்கு. மின்னல் விட்டால் பீரங்கிக் கணக்கு. ஆக, மந்திரவாதி பிறந்ததே நடமாடும் பீரங்கியாகத்தான். பீரங்கியைத் தனியே விட்டுவிட்டு எந்தப் படையாவது நகருமா? 1974ஆம் ஆண்டு விதிகளும் அவனை அப்படியே வைத்தன. கவசம் அணியக் கூடாது. குத்துவாளுக்கு மேல் ஆயுதம் ஏந்தக் கூடாது. தொடக்க நிலையில் நாளொன்றுக்கு ஒரே மந்திரம்; அதுவும் சொன்னவுடன் நினைவிலிருந்து மறைந்துவிடும். (எங்கள் மனப்பாடச் செய்யுள்களும் விடைத்தாளில் இறங்கியதும் அப்படித்தான் மறைகின்றன. தமிழாசிரியை பொறுத்தருள்க.) சொன்னதும் மறக்கும் மந்திரம் என்னும் எண்ணம் ஜாக் வான்ஸ் என்ற எழுத்தாளரின் 1950ஆம் ஆண்டுக் கதைநூலிலிருந்து வந்ததாம்.

நாங்கள் ஆடியது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. அதன் அடிப்படை விதிகளை வெளியிட்டவர்களே இலவசமாகத் தந்திருந்ததால், அக்காவின் அண்ணன் அவற்றை அச்செடுத்து அனுப்பியிருந்தார். எங்களில் உயரமானவள் வாள்வீராங்கனை ஆனாள். மூச்சிரைப்புத் தொல்லையால் எறிபந்துக் குழுவில் எப்போதும் கடைசியாக அழைக்கப்படுபவள் மந்திரக்காரி ஆனாள்.

அவள் மேசையருகே அமர்ந்ததும் வேறொரு பெண்ணாகி விடுவாள். கள்வர் கூட்டம் எதிர்ப்பட்டால் ஒரு மந்திரத்தால் ஒருவனை அசையாமல் கட்டிப்போடுவாள். அடுத்த முறை இன்னொருவனையும் கட்டுவாள். கட்டுண்டவன்மீது வாள் வீசுவதற்கு இரண்டு சீட்டு எடுத்துப் பெரிய எண்ணை வைத்துக்கொள்ளலாம். அருகில் நின்று வெட்டினால் பட்ட அடியெல்லாம் பேரடி, காயப் பகடை இரட்டிப்பு. நாங்கள் வெற்றிமேல் வெற்றி பெற்றோம். வாள்வீராங்கனையின் முகம் மட்டும் வாரத்துக்கு வாரம் சுருங்கிக்கொண்டே வந்தது.

ஒரு சனிக்கிழமை அவள் வரவே இல்லை. போய்க் கேட்டதற்கு, "நான் எதுக்குடி? அவ கட்டிப் போடுவா, நான் நறுக்கணும். அதுக்கு ஓர் அரிவாள்மணை போதாதா?" என்றாள்.

அக்கா விதித்தாள்களை மறுபடி புரட்டியபோதுதான் மந்திரப் பகுதியில் ஒரு தாளே விடுபட்டிருப்பது தெரிந்தது. அண்ணனிடமிருந்து அது வந்து சேர இரண்டு வாரம் ஆயிற்று. அதில் இருந்த விதி எங்கள் வெற்றிகளையெல்லாம் கேலி செய்தது. கட்டிப்போடும் மந்திரம் போன்றவை மனத்தை ஒருமுகமாக நிறுத்தினால்தான் நீடிக்கும். அப்படிப்பட்டவற்றில் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் பிடித்திருக்க முடியும். இரண்டாவதைத் தொடங்கினால் முதலாவது கலையும். மந்திரக்காரிமேல் அடிபட்டால், 10 அல்லது காயத்தில் பாதி, இவற்றில் எது பெரிதோ அந்த எண்ணை அவள் எட்டியாக வேண்டும். எட்டாவிட்டால் மந்திரம் அறுந்துவிடும்.

மந்திரக்காரி தாளைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். "இங்கேயும் நான் கடைசிதானா?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. நாங்கள் அவளைச் சமாதானப்படுத்த விதியை மறந்துவிடலாம் என்றுகூடப் பேசினோம். அக்கா சம்மதிக்கவில்லை.

இதற்கிடையில் விடுதிச் சிஸ்டர் ஒருநாள் எங்கள் பின்னால் வந்து நின்றார்கள். மந்திரம் என்ற சொல் காதில் விழுந்துவிட்டதே என்று நடுங்கினோம். சிஸ்டரோ வாள்வீராங்கனை வரைந்து வைத்திருந்த படத்தை உற்றுப் பார்த்து, "ஒரு கையில் வாள், ஒரு கையில் கேடயம். இவள் மந்திரம் போட வேண்டுமென்றால் எந்தக் கையால் போடுவாள்?" என்றார்கள். நாங்கள் வாயடைத்துப் போனோம். விதிநூலும் அதையேதான் கேட்கிறது! கையசைவு வேண்டிய மந்திரத்துக்கு ஒரு கை வெறுங்கையாக இருந்தாக வேண்டும்.

அந்தக் கேள்விதான் மந்திரக்காரியைச் சிரிக்க வைத்தது. அடுத்த சனிக்கிழமை இருவரும் வந்தார்கள்.

அன்று பாலத்தில் சண்டை. மந்திரக்காரி கள்வர் தலைவனைக் கட்டினாள். வில்லாளிகள் இருவர் அவளைக் குறிவைத்தனர். வாள்வீராங்கனை ஓடிப்போய்த் தலைவன்மீது பேரடி கொடுத்திருக்கலாம். நாங்களும் "வெட்டுடி, வெட்டு" என்று கத்தினோம். அவள் பின்னால் நடந்து மந்திரக்காரியின் பக்கத்தில் கேடயத்தோடு நின்றுகொண்டாள். கேடயக்காவல் பயின்ற வீரர் அருகில் நின்றால், தோழமேல் வரும் ஓர் அடிக்கு எதிரி இரண்டு சீட்டு எடுத்துச் சிறியதைத்தான் கொள்ள வேண்டும். முதல் வில்லாளிக்கு 17உம் 5உம் வந்தன. அம்பு ஆற்றில் விழுந்தது. ஆனால் ஒரு சுற்றில் அந்தக் காவல் ஒரு முறைதான். இரண்டாவது அம்பு தைத்துவிட்டது. காயம் ஐந்து. எட்ட வேண்டியது 10. மந்திரக்காரியின் உடல்வலிமைக்கு இரண்டு சேரும் என்பதால், சீட்டில் 8 வந்தால் போதும்.

அவள் சீட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். நாங்கள் எட்டிப் பார்த்தோம். ஆறா, ஒன்பதா? சீட்டெழுதிய வாள்வீராங்கனை எதற்கும் அடிக்கோடு போட்டிருக்கவில்லை. டப்பாவைக் கவிழ்த்து மற்றதைத் தேடி எடுத்தோம். அதுவும் இதைப் போலவே இருந்தது.

"ஒன்பதுன்னு வச்சுக்கோடி" என்றாள் வாள்வீராங்கனை.

மந்திரக்காரி சற்று நேரம் யோசித்தாள். "எடுத்தபோது எனக்கு நேராகத்தான் வந்துச்சு. ஆறு" என்றாள்.

மந்திரம் அறுந்தது. தலைவன் கையை உதறிக்கொண்டு எங்களை நோக்கி வந்தான். பெரிய மந்திரங்கள் எல்லாம் அன்றைக்குத் தீர்ந்திருந்தன. மந்திரக்காரி குத்துவாளை உருவியதாகச் சொன்னாள். அதை அவள் அதுவரை ஒருமுறையும் தொட்டதில்லை. அப்போது பார்த்து இரவு உணவு மணி அடித்துவிட்டது. அக்கா தாள்களை அடுக்கினார். வாள்வீராங்கனை பேனாவை எடுத்து, அந்தச் சீட்டில் ஆறுக்குக் கீழே ஒரு கோடு போட்டு டப்பாவில் திரும்பப் போட்டாள்.