காட்டக்கூடாத முகம்

சோய் ஜின் சில் நடித்த ‘ரோஜா நிற வாழ்க்கை’ தொடரைப் பார்த்து அழுதிருக்கிறேன். 2005இல் கேபிஎஸ்ஸில் வந்தது. கணவன் வேறொருத்தியிடம் போய்விடுகிறான், மனைவிக்குப் புற்றுநோய். கலைந்த தலையும் வெளிறிய முகமுமாக அவர் நிற்கும்போது, ‘நடிப்புன்னா இதுதான்’ என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடைய வழக்கைப் பற்றிப் படித்தது அப்புறம்தான். 1980களின் இறுதியில் ஒரு மின்சாதன விளம்பரத்தில் இளம் மனைவியாகச் சிரித்துப் பெயர்பெற்றவர். 1992இல் ‘பொறாமை’ தொடர் அவரை நாட்டின் செல்லப் பெண்ணாக்கியது. 2004இல் ஒரு கட்டுமான நிறுவனம் தன் அடுக்குமாடி வீடுகளை விற்க அந்தச் சிரிப்பை ஒப்பந்தம் செய்தது. சில மாதங்களில், கணவர் அடித்து வீங்கிய முகத்தை அவர் செய்தியாளர்களிடம் காட்டினார். நிறுவனம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது.

2008 அக்டோபரில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். எட்டு மாதம் கழித்து உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அந்த முகத்தையும் சிதைந்த வீட்டையும் வெளியே காட்டியது, கண்ணியம் காக்க வேண்டும் என்ற ஒப்பந்த விதியை மீறிய செயல்.

நீதிபதிகளைத் திட்டுவது சுலபம். ஆனால் உடைந்த குடும்பத்தை அவர் நடித்துக் காட்டியபோது மட்டும் நமக்குப் பிடித்திருந்தது, இல்லையா? வீங்கிய முகம் செய்தியில் வந்த மறுவருடம்தான் அந்தத் தொடர். கொரியர்கள் அதைத் தெரிந்தே பார்த்தார்கள். எனக்குத் தெரியாது. போன மாதம் மறுபடி பார்க்க உட்கார்ந்தேன். முதல் அத்தியாயத்தைத் தாண்ட முடியவில்லை. நடிப்பென்று நான் மெச்சிய இடங்களில் எவ்வளவு நடிப்பு என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.