மகன் கேட்ட பிக்கப்

"அம்மா, என் கிடாருக்குப் பிக்கப் மாத்தோணும்" என்று என் மகன் சொன்னபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிக்கப் என்றால் எனக்குத் தெரிந்தது, காலையில் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டு எங்கள் தெருவில் ஹாரன் அடித்துப் போகும் வண்டி ஒன்றுதான். "அதை எதுக்குடா கிடாருக்கு மாத்தறே?" என்று கேட்டுவிட்டேன். அன்று முழுவதும் சிரித்துக்கொண்டே இருந்தான். அவன் சிரித்தே பல நாளாகியிருந்ததால் நானும் கோபித்துக்கொள்ளவில்லை.

எங்களுக்குக் கோவையில் கணபதிப் பக்கம் வீடு. என் கணவர் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். கல்யாணமான புதிதில், கோடையில் கிணற்று மோட்டார்கள் வரிசையாக எரிந்து வரும்போது, ராத்திரியில் நானும் அவரோடு உட்காருவேன். அவர் கம்பி சுற்றுவார், நான் சுற்று எண்ணுவேன். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தப்பிவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் பேசாமல் இருக்கப் பழகினதே அந்தப் பட்டறையில்தான்.

அந்தப் பட்டறையை மகன் எடுத்து நடத்துவான் என்று அவர் நினைத்திருந்தார். பையனோ டிப்ளமோவை இரண்டாம் வருஷத்தில் விட்டுவிட்டு ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிக்கப் போய்விட்டான். அன்றிலிருந்து அப்பாவும் மகனும் நேரில் பேசுவதில்லை. "அவனைச் சாப்பிட வரச் சொல்லு" என்பார், அவன் எதிரிலேயே. "அப்புறம் சாப்பிடறேன்னு சொல்லுங்கம்மா" என்பான், அவர் எதிரிலேயே. எட்டு மாதம் இப்படி ஓடியது. தபால்காரர் வேலை எனக்கு.

சரி, பிக்கப்புக்கு வருகிறேன். மின்சாரக் கிடாரில் எஃகுக் கம்பிகளுக்குக் கீழே ஒரு சின்னக் கட்டை மாதிரி இருக்கிறதே, அதற்குத்தான் அந்தப் பெயர். உள்ளே காந்தமும் அதைச் சுற்றிக் காயிலும் இருக்கின்றன. கம்பி அதிரும்போது காயிலில் கொஞ்சம் மின்சாரம் பிறக்கிறது. அதை ஆம்ப்ளிஃபயர் பெரிசாக்கிச் சத்தமாகத் தருகிறது. "இதென்னடா, டைனமோ கதைதானே!" என்றேன். பையன் முழித்தான். காயிலில் சுற்றும் கம்பி 0.06 மில்லிமீட்டர் கனம்தான், கிட்டத்தட்ட நம் தலைமுடி. அதை ஆயிரக்கணக்கில் சுற்ற வேண்டும். பழைய கிப்சன் பிக்கப்பில் ஒரு காயிலுக்குச் சுமார் 5,000 சுற்று. மோட்டாருக்குச் சுற்று எண்ணின எனக்கே தலை சுற்றியது.

இதில் இரண்டு ஜாதி உண்டாம். ஒற்றைக் காயில் ஒன்று. 1954-ல் ஃபெண்டர் கம்பெனி கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரில் இருப்பது அதுதான். கண்ணாடி வளையல் மாதிரி கலகலவென்ற, தெளிவான சத்தம். ஆனால் சுற்றிலும் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர், டியூப்லைட் சோக்கு எல்லாவற்றின் இரைச்சலையும் அது வாங்கிக்கொள்ளும். கல்யாண மண்டபத்தில் சீரியல் பல்பும் ஜெனரேட்டரும் ஓடும்போது பாட்டுக்கு நடுவில் 'ஙொய்ய்' என்று ஒரு ரீங்காரம் கூடவே வரும்.

இன்னொன்று இரட்டைக் காயில். கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த செத் லவர் என்ற எஞ்சினீயர் 1955-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு காயில். இரண்டும் இரைச்சலை ஒரே மாதிரி வாங்கும். ஆனால் ஒன்றை மற்றதற்கு எதிராக இணைத்திருப்பதால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துப் போய்விடும். தெருவில் ஒரே வம்பை இரண்டு பேர் எதிரெதிராகச் சொன்னால் யாரும் நம்பாமல் போவார்களே, அது மாதிரி. காந்த முனைகளையும் மாற்றி வைத்திருப்பதால் கம்பியின் நாதம் மட்டும் அடிபடாமல் கூடிக்கொள்ளும். சத்தம் கனமாக, உருண்டையாக வரும். அந்தக் கலகலப்பு மட்டும் குறைந்துவிடும்.

பையனுக்கு இரண்டும் வேண்டும். ஒரே கச்சேரியில் தாலாட்டு மாதிரி ஒரு மெலடி, அடுத்ததே குத்துப் பாட்டு. இரண்டு கிடார் வாங்கவும் வசதியில்லை, வாங்கினாலும் டவுன் பஸ்ஸில் தூக்கிப் போக முடியாது. இதற்கு வழிதான் காயில் பிரிக்கிற பிக்கப். இரட்டைக் காயிலாகவே வைத்துக்கொண்டு, வேண்டும்போது ஒன்றை மட்டும் நிறுத்திவிடுவது. இரண்டு காயிலும் சேர்கிற இடத்திலிருந்து ஒரு வயர் எடுத்து ஸ்விட்ச் வழியாக எர்த்துக்குக் கொடுத்தால் ஒரு காயில் ஓய்ந்துவிடும். வால்யூம் குமிழையே மேலே இழுத்தால் ஸ்விட்ச் வேலை செய்கிற மாதிரி வருகிறது. கிடாரில் புதிதாக ஓட்டை போட வேண்டியதில்லை.

என் சீட்டுப் பணத்திலிருந்து 6,500 ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். கணவருக்குச் சொல்லவில்லை. பையன் ஒரு கடையில் பழைய ஜோடி ஒன்றை, நல்ல பெயருள்ளது என்று வாங்கிவந்தான். வீட்டில் பிரித்துப் பார்த்தவன் முகம் தொங்கிவிட்டது. காயிலைப் பிரிக்க வேண்டுமானால் நாலு முனையும் வெளியே வந்திருக்க வேண்டும். இதில் வந்தது இரண்டுதான். நடு இணைப்பு உள்ளேயே டேப் சுற்றி மூடிக் கிடக்கிறது. கடைக்காரர் விற்ற பொருளை வாங்க மாட்டேன் என்றுவிட்டார். வாங்கும்போது எத்தனை வயர் வருகிறது என்று எண்ணிப் பார்க்காதது எங்கள் தப்புதான்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் கணவருக்குக் காப்பி வைத்தபோது, டம்ளருக்குப் பக்கத்தில் அந்தப் பிக்கப்பையும் வைத்தேன்.

"என்ன இது?"

"காயிலுங்க. ரெண்டு காயிலை உள்ளேயே சேர்த்து மூடிட்டாங்க. நாலு முனையும் வெளிய வரோணுமாம்."

பையன் பெயரை நான் எடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. பழைய முள் மீட்டரைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். ஒன்று 8.2 கிலோ ஓம், மற்றது 7.6. "காயில் நல்லாத்தான் இருக்குது" என்றார். ராத்திரி பட்டறையை மூடிவிட்டு வந்து விளக்கடியில் உட்கார்ந்து டேப்பை உரிக்க ஆரம்பித்தார். பையன் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான்.

கிணற்று மோட்டார் கட்டிய கை அது. முடி மாதிரிக் கம்பியைத் தொடும்போது மூச்சைக் கூடப் பிடித்துக்கொண்டார். அப்படியும் ஒரு முனை அறுந்துவிட்டது. எனக்கு அடி வயிறு கலங்கியது. 6,500 ரூபாய்! அதைவிட, இதற்கும் சேர்த்து இரண்டு பேரும் இன்னும் எத்தனை மாதம் பேசாமல் இருப்பார்களோ என்ற பயம்.

அவர் தலையைத் தூக்காமலே, "தம்பி, அந்த டார்ச்சை இங்க புடி" என்றார்.

பையன் ஓடிவந்து பிடித்தான். அறுந்தது நல்லவேளையாக வெளிச்சுற்று முனை. உள்முனை அறுந்திருந்தால் அத்தனை ஆயிரம் சுற்றையும் பிரித்திருக்க வேண்டும். அரைச் சுற்று மட்டும் விடுவித்து, எனாமலைச் சுரண்டி, புது வயரில் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். மீட்டரில் அந்தக் காயில் மட்டும் 4.1 காட்டியது. அடுத்த நாள் ராத்திரி இரண்டாவதையும் முடித்தார்கள். எந்த முனை ஆரம்பம், எந்த முனை முடிவு என்று அறிய, ஸ்க்ரூ டிரைவரைக் காந்தத்தில் வைத்து எடுத்து, மீட்டர் முள் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பார்த்தார். "மோட்டார்லயும் ஸ்டார்ட்டிங் காயில் முனையை மாத்திக் குடுத்தா எதிர்ப்பக்கம் ஓடும். அதே கணக்குத்தான்" என்று அவர் சொல்ல, பையன் நோட்டில் எழுதிக்கொண்டான்.

மாட்டி வாசித்தபோது குமிழை இழுத்ததும் நாதம் மெலிந்து கலகலவென்றானது. கூடவே சத்தமும் குறைந்தது, ரீங்காரமும் கொஞ்சம் தலை காட்டியது. ஒற்றைக் காயிலாகிவிட்டால் அதற்குரிய குணமும் வந்துவிடும் அல்லவா? என் கணவர்தான், "ரெண்டையும் பேரலல்ல குடுத்துப் பாக்கலாமே?" என்றார். அப்படிச் செய்தால் இரண்டு காயிலும் வேலை செய்யும், இரைச்சலும் அடிபடும், நாதமும் தெளிவாக இருக்கும், சத்தம் மட்டும் சேர்த்து இணைத்ததைவிடக் குறைவு. கடைசியில் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பைப் பேரலலாகவும், கழுத்துப் பக்கத்ததைக் காயில் பிரிப்பதாகவும் வைத்துக்கொண்டார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் கேட்டால் உதவட்டும் என்று, தெரிந்ததைச் சொல்கிறேன். வாங்குமுன் நாலு வயரும், அதோடு எர்த்துக்கு ஒன்றும் வருகிறதா என்று பாருங்கள். பிரித்தால் பாதிக் காயில்தான் மிஞ்சும் என்பதால், ஒற்றைக் காயில் நாதம் அதிகம் வேண்டுகிறவர்கள் சற்று அதிகம் சுற்றியதாக எடுப்பது நல்லது. தனி ஒற்றைக் காயில் பிக்கப்பே சுமார் 6 கிலோ ஓம் இருக்கும். 8 உள்ளதைப் பிரித்தால் 4-தான். இரட்டைக் காயிலுக்கு வால்யூம் குமிழ் 500 கிலோ ஓம் வழக்கம், ஒற்றைக்கு 250. பிரித்த காயில் அசல் ஒற்றைக் காயில் மாதிரியே பேசும் என்று நினைக்க வேண்டாம். ஏறக்குறைய அந்த ஜாடை இருக்கும்.

வேலை முடிந்த அன்று என் கணவர், "இத்தனை மெல்லிசுக் கம்பியை யாருடா சுத்தறாங்க?" என்று கேட்டார். பையன் சொன்ன பதில் என் மனசில் நின்றுவிட்டது. அமெரிக்காவில், கலிபோர்னியாவில், ஃபெண்டர் கம்பெனியில் அபிகேல் இபாரா என்ற பெண் 1956-ல் வேலைக்குச் சேர்ந்தாராம். 2013-ல் ஓய்வு பெறும் வரை பிக்கப் சுற்றியிருக்கிறார். தான் சுற்றியதில் தன் பெயரின் முதலெழுத்தையும் தேதியையும் எழுதிவைப்பாராம். இன்று அதைத் தேடி வாங்குகிறார்கள். என் கணவர் என்னைப் பார்த்து, "நீ எண்ணிக் குடுத்த மோட்டாருங்க இன்னும் எத்தனை கிணத்துல ஓடுதோ" என்றார். இருபது வருஷத்தில் இதை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போதே சீட்டுப் பண விஷயத்தையும் சொல்லிவிட்டேன். "தெரியும்" என்றார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். "டிப்ளமோவை முடிச்சிட்டு எங்க வேணா வாசி" என்று அவர் இன்னும் சொல்கிறார். பையன் பதில் சொல்லாமல் போகிறான். ஆனால் கச்சேரி இல்லாத நாட்களில் பட்டறையில் போய் உட்காருகிறான். போன மாதம் ஒரு கல்யாண ரிசப்ஷனில் அவன் வாசித்தபோது, இவர் பந்தி முடிந்ததும் கிளம்பாமல் கடைசி வரிசையில் ஜெனரேட்டர் பக்கமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் அவனிடமே சொன்னார்: "ரீங்காரமே இல்லடா."

"சாப்பிட்டியா?" என்றும் கேட்டார். நான் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.