கூரைமேற் பசுமை

நான் தஞ்சைப் பகுதியில் ஒரு சிற்றூரிற் பிறந்தவன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றபின், சென்னையில் என் மகன் வீட்டில் வாழ்ந்து வருகிறேன். மாடியில் உள்ள ஒரு சிறிய அறை எனக்கு உரியது. அங்கே என் நூல்கள் இருக்கின்றன. இளமையில் என் ஆசிரியர் பாடஞ்சொல்ல, நான் எழுதிவைத்த குறிப்பேடுகளும் அங்கேதான் இருந்தன. ‘இருந்தன’ என்று ஏன் கூறுகிறேன் என்பது பின்னர் விளங்கும்.

அவ்வறைக்கு ஒரு குறை உண்டு. சித்திரை, வைகாசித் திங்கள்களில் அங்கே இருத்தல் அரிது. பகல் முழுவதும் காங்கிரீட்டுத் தளம் வெயிலை உண்ணும். உண்ட வெப்பத்தை இரவெல்லாம் உமிழும். வெளியே கடற்காற்று வீசினாலும் உள்ளே உறக்கம் வாராது. எங்கள் ஊர் வீட்டில் இத்துன்பம் இருந்ததில்லை. காரணம் யாது? அங்கே வீட்டைச் சுற்றி மண்ணும் மரமும் இருந்தன. நகரிலோ மண்ணைக் கல்லாலும் தாராலும் மூடிவிட்டோம். வீடு கட்டும்போது நாம் நிலத்தினிடம் ஒரு துண்டு மண்ணைக் கடனாகப் பெறுகிறோம். அக்கடனை வீட்டின் தலைமேலேயே திருப்பித் தந்தால் என்ன என்று எண்ணினேன்.

எண்ணியது நன்று, செய்த முறைதான் தவறு. யாரையும் கேளாமல் செம்மண்ணை வருவித்து, மொட்டை மாடித் தளத்தின்மேல் நேரே பரப்பிக் கீரை விதைத்தேன். சில நாட்களில் தளிர்கள் தலைகாட்டின. என் உள்ளம் பூரித்தது. ஐப்பசியில் அடைமழை தொடங்கிற்று. மண் கரைந்து வடிகுழாயை அடைத்தது. தேங்கிய நீர் தளத்தின் வெடிப்புகளில் இறங்கியது. ஒருநாள் விடியற்காலையில் விழித்துப் பார்த்தேன். நூலடுக்கின்மேல் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. குறிப்பேடுகள் ஊறி, மை கரைந்து, எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. என் ஆசிரியர் மறைந்து பல்லாண்டுகள் ஆயின. அன்று அவர் குரல் இரண்டாம் முறை அடங்கியதுபோல் இருந்தது.

“மாமா, அந்த மண்ணை அள்ளி எறிந்துவிடலாம்,” என்றாள் மருமகள். தளத்தைச் செப்பனிட வந்த முதிய கொத்தனாரோ, “ஐயா, மண்மேல் குற்றமில்லை. தண்ணீர் போக நீங்கள் வழி விடவில்லை,” என்றார். ஆண்டுதோறும் மாணவர்களுக்கு இலக்கணம் கற்பித்த எனக்கு, அவர் தளத்தின் இலக்கணத்தைக் கற்பித்தார்.

அதன்பின் ஒரு பொறியாளரை அழைத்துத் தளத்தின் வலிமையை ஆராயச் செய்தோம். ஒரு சதுர மீட்டர் தளத்தில் 10 சென்டிமீட்டர் உயரத்திற்குப் பரப்பிய தோட்டமண், நன்கு நனைந்தால் 150 கிலோவுக்கு மேல் கனக்கும் என்பதை அப்போதுதான் அறிந்தேன். முதலில் வெடிப்புகளை அடைத்து, நீர் புகாத பூச்சுப் பூசினோம். அதன்மேல் வேர் துளைக்காத தடித்த விரிப்பு. அதன்மேல் நீர் வடியச் சரளைக்கல். மண் கரைந்து ஓடாதிருக்க ஒரு வடிதுணி. எல்லாவற்றிற்கும் மேலே தென்னைநார்க் கழிவும் தொழுவுரமும் கலந்த இலேசான மண். அதில் அருகம்புல், பருப்புக்கீரை, கற்றாழை ஆகிய செடிகளை வைத்தோம். தளத்தில் பாதியை மட்டுமே இவ்வாறு அமைத்தோம்.

மாணவர்களே, கோடை நண்பகலில் எங்கள் மாடிக்கு வந்தால், பசுமையின் பயனை உங்கள் பாதமே உங்களுக்குச் சொல்லும். வெறுந்தளத்தில் ஒரு நொடியும் நிற்க இயலாது, புல்லின்மேல் நிற்கலாம். இலைகள் வெயிலை மறைக்கின்றன. வேர் உறிஞ்சிய நீர் இலைவழியே ஆவியாகும்போது வெப்பத்தையும் கொண்டு செல்கிறது. ஆதலால் கீழறையும் முன்போல் காய்வதில்லை.

மழைக்காலப் பயனும் சிறிதன்று. 100 சதுர மீட்டர் தளத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் சேரும். வெறுந்தளம் அதனை அக்கணமே தெருவில் தள்ளிவிடும். மண்தளம் ஒரு பகுதியைத் தான் பருகி, எஞ்சியதை மெல்ல விடும். 2015ஆம் ஆண்டு டிசம்பரில் வந்தது போன்ற பெருமழையை இது தனித்துத் தடுத்துவிடாது. நனைந்து நிறைந்த மண் மேலும் நீரை ஏற்காதன்றோ? ஆயினும் இடைத்தர மழையில், கூரைகள் பல சேர்ந்தால், தெருவின் சுமை குறையும்.

சுவிட்சர்லாந்து நாட்டுச் சூரிச் நகரில், 1914ஆம் ஆண்டில் கட்டப்பட்ட குடிநீர் வடிகட்டும் நிலையம் ஒன்று உண்டு. உள்ளிருக்கும் நீர் வெப்பமடையாதிருக்கும் பொருட்டு, அதன் தட்டையான கூரையில் சரளையிட்டு, அவ்வூர் மண்ணைப் பரப்பினர். அம்மண்ணில் உறங்கிய விதைகள் முளைத்துப் புல்வெளியாயின. சுற்றுப்புற நிலங்களில் அருகிப்போன ஆர்க்கிட் மலர்ச்செடிகள் அக்கூரையில் இன்றும் வாழ்கின்றன. நீரைக் காக்க இட்ட மண் ஒரு நாட்டின் செடியினத்தையும் காத்தது! அந்நாட்டுப் பாசல் நகரம், புதிய தட்டைக் கூரைகளில் பசுமை அமைத்தல் வேண்டும் என 2002ஆம் ஆண்டில் விதி செய்தது.

எங்கள் மாடிக்கும் இப்போது தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் வருகின்றன. என் அறையில் அமர்ந்து, அழிந்த குறிப்புகளை நினைவிலிருந்து மீண்டும் எழுதி வருகிறேன். சில நினைவுக்கு வருகின்றன, பல வருவதில்லை. அவ்விழப்பு நான் அறியாமைக்குக் கொடுத்த விலை. நீங்கள் அவ்விலையைக் கொடுத்தல் வேண்டா. நிலத்திற்கு நாம் பட்ட கடனைத் தீர்க்க விரும்புவோர், அதற்குரிய முறையை முதலில் அறிந்தோரிடம் கேட்டறிதல் வேண்டும். நல்லெண்ணம் விதையே ஆகும். அறிவோடு அமைந்த நிலத்தில்தான் அது பயிராகும்.