ஆணிப் பல்

பெரிய மார்க்கெட்டில் காய், மீன் வாங்கி முடித்ததும் டீக்கடையில் கூடும் எங்கள் கூட்டத்தில் இப்போது ஆறு பேர் இருக்கிறோம். ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், ஒருவர் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் சொல்தா, இரண்டு பேர் பஞ்சாலை, ஒருவர் தபால் இலாகா. நான் மின்துறை. முன்பெல்லாம் பேச்சு அரசியலில் ஆரம்பிக்கும். பிறகு பிள்ளைகள் கல்யாணம் வந்தது. அப்புறம் சர்க்கரையும் பிரஷரும். இப்போது பல்லில் வந்து நிற்கிறது.

ஆறு பேருக்கும் சேர்த்து 192 பல் இருந்திருக்க வேண்டும். இருப்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள், விடுங்கள். அதில் மூன்று பல் ஆணிப் பல். போன வருஷம் வரை நாலு. இம்ப்ளான்ட் என்பதற்கு சொல்தா வைத்த பெயர் அது. தாடை எலும்பில் டைட்டானியத் திருகாணியை இறக்கி, அதன் தலையில் பல் தொப்பியை மாட்டுகிறார்கள் அல்லவா? பொருத்தமான பெயர்தான்.

என் வலது கீழ்த்தாடையில் இரண்டு இருக்கின்றன. அதனால் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "டைட்டானியத்துக்குச் சொத்தை வருமா?"

வராது. சொத்தை என்பது கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் விட்டு, அந்த அமிலம் பல்லைக் கரைப்பது. உலோகத்தை அதனால் அப்படி ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இந்தப் பதிலோடு நிறுத்திக்கொண்டால் ஆபத்து. நாலு மூன்றாக ஆன கதை அங்கேதான் இருக்கிறது.

வாத்தியாருக்கு இரண்டு ஆணிப் பல். சொந்தப் பல் ஈறு நோயில் ஆடி விழுந்த இடத்தில் வைத்தவை. சர்க்கரையும் உண்டு. வைத்த இடத்தில், "இனி ஆயுசுக்கும் கவலையில்லை" என்று சொல்லி அனுப்பினார்கள். எப்படிச் சுத்தம் செய்வது, எப்போது திரும்பி வர வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறாவது வருஷம் பல் தேய்க்கும்போது ரத்தம். வலி இல்லை, ஆகவே அவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் ஒன்று ஆட ஆரம்பித்தது. எக்ஸ்ரேயில் பார்த்தால் ஆணியைச் சுற்றிப் பள்ளம், எலும்பே இல்லை. கழற்றி எடுத்த ஆணியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து டீக்கடை மேஜையில் வைத்தார். புதிது போலப் பளபளவென்று இருந்தது. "ஆணிக்கு ஒன்றும் ஆகலை, எனக்குத்தான்" என்றார்.

மின்துறையில் லைன் வேலை பார்த்தவனுக்கு இது புதிதல்ல. ஐப்பசி மழையில் சாய்ந்த கம்பங்களை எத்தனையோ நிமிர்த்தியிருக்கிறேன். கம்பம் உடைந்திருக்காது. அடியில் மண் அரித்துப் போயிருக்கும்.

இந்த ஆணி எலும்பில் ஒட்டும் என்பதே தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. 1950களில் ஸ்வீடன் நாட்டு பிரானெமார்க் என்ற மருத்துவர், எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கருவியைப் பொருத்தினார். வேலை முடிந்து எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1965இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் அதைப் பொருத்தினார். அந்த மனிதர் 2006இல் இறக்கும்வரை, நாற்பது வருஷம், அந்தப் பல்லால்தான் சாப்பிட்டார். ஆக "ஆயுசுக்கும்" என்பது பொய்யில்லை. பராமரித்தால் என்ற சொல் மட்டும் விட்டுப்போகிறது.

டைட்டானியம் ஏதோ அயல்நாட்டுச் சமாச்சாரம் என்றும் நினைக்க வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பாகக் கிடக்கும் மணலில் உள்ள இல்மனைட், டைட்டானியத்தின் தாதுதான்.

சரி, மண்ணை அரிப்பது யார்? நம் வாயில் குடியிருக்கும் கிருமிகள். மனித வாயில் இதுவரை கண்டறியப்பட்டவை 700 வகைக்கு மேல். பெரும்பாலானவை சாதுக்கள். பல் தேய்த்த சில நிமிடங்களில் எச்சிலிலிருந்து ஒரு மெல்லிய படலம் பல்லின் மேல் படிகிறது. சொந்தப் பல்லோ டைட்டானியமோ, அதற்குப் பேதம் கிடையாது. சில மணி நேரத்தில் முதல் கிருமிகள் அதில் வந்து ஒட்டுகின்றன. அவற்றின் மேல் அடுத்தவை. துடைக்காமல் நாள்கணக்கில் விட்டால் காற்றே புகாத அடுக்காகி, காற்றில்லாத இடத்தில் வாழும் முரட்டு வகைகள் ஈறுக்கு அடியில் குடிபுகுகின்றன.

நம் மார்க்கெட்டில் மீன் விற்கும் பக்கத்துத் தரையை நினைத்துக்கொள்ளுங்கள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாலும் அந்த வழவழப்புப் போகாது. தென்னந்துடைப்பத்தால் தேய்த்தால்தான் போகும். வாயும் அப்படியே. கலர் தண்ணீர் வாங்கிக் கொப்பளித்தால் வாசனை வரும். படலம் அங்கேயேதான் இருக்கும்.

இதை நிரூபித்த சோதனை ஒன்று உண்டு. அதுவும் 1965இல்தான் வெளியானது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற பேராசிரியர், ஆரோக்கியமான ஈறுள்ள 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார். 10 முதல் 21 நாளுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிச் சிவந்தது. மறுபடி தேய்க்க ஆரம்பித்ததும் சுமார் ஒரு வாரத்தில் சரியாயிற்று.

அதே லோ அடுத்து வந்தது இலங்கைக்கு. 1970 முதல் 1985 வரை, தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த நம் தமிழ்த் தொழிலாளர்கள் 480 ஆண்களின் வாயை அவரும் கூட்டாளிகளும் திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். பிரஷ் பழக்கமோ பல் வைத்தியமோ எட்டாத மனிதர்கள். எல்லோருக்கும் பல்லில் அழுக்கும் காரையும், எல்லோருக்கும் ஈறு வீக்கம். ஆனால் எல்லோருக்கும் பல் விழவில்லை. சுமார் 8 சதவீதம் பேருக்கு மளமளவென்று எலும்பு கரைந்தது. 81 சதவீதம் பேருக்கு நிதானமாக. 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி ஒன்றும் ஆகவில்லை. கிருமி ஒன்றுதான், அதைத் தாங்கும் உடம்பு ஆளுக்கு ஆள் வேறு என்று உலகம் கற்றுக்கொண்டது மலையகத் தமிழர்களின் வாயைப் பார்த்து. பல் மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் இன்றும் அந்த எண்களைப் படிக்கிறார்கள். அந்த 480 பேரை நன்றியோடு நினைக்க வேண்டும்.

"எங்க தாத்தா உமிக்கரியால தேய்ச்சு தொண்ணூறு வயசு வரைக்கும் கரும்பு கடிச்சார்" என்று யாராவது சொன்னால் நான் இப்போது மறுப்பதில்லை. தாத்தா அந்தப் பதினொன்றில் ஒருவராக இருந்திருப்பார். ஆனால் ஆணிப் பல் வைத்துக்கொள்ளும் நம்மில் பலர், ஈறு நோயால் சொந்தப் பல்லை இழந்தவர்கள். நாம் எந்தக் கூட்டம் என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

அதோடு ஆணிக்குச் சில பலவீனங்கள் உண்டு. சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே நார்கள் இருக்கின்றன. ஈறின் நார்களும் பல் வேரில் குறுக்கே புகுந்து பிடித்திருக்கின்றன. ஆணியில் ஈறு சும்மா சுற்றி அணைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ரத்த ஓட்டமும் குறைவு. கிருமி உள்ளே இறங்க வழி சுலபம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், லோவின் சோதனையை ஆணிப் பல் உள்ளவர்களிடம் செய்து பார்த்தார்கள். மூன்று வாரம் தேய்க்காமல் இருந்து, பின் மூன்று வாரம் ஒழுங்காகத் தேய்த்த பிறகும் ஆணியைச் சுற்றிய ஈறு பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை.

ஈறு மட்டும் வீங்கியிருக்கும் கட்டத்தில் கவனித்தால் மீட்டுவிடலாம். எலும்பு கரைய ஆரம்பித்துவிட்டால் கரைந்தது தானாகத் திரும்பாது. வலி வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருப்பது இங்கே உதவாது. ரத்தக் கசிவு, சீழ், வாயில் கெட்ட ருசி இவைதான் அறிகுறி. ஆட்டம் கண்டால் அது கடைசிக் கட்டம்.

என் நடைமுறையைச் சொல்கிறேன். காலையும் இரவும் மிருதுவான பிரஷ். ஆணி ஈறுக்குள் நுழையும் விளிம்பில் இரண்டு சுற்று அதிகம். இரவில் பல்லிடுக்கு பிரஷ். பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி போல இருக்கும். கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை உள்ளதாகப் பார்த்து வாங்குவேன். கரகரப்பான பொடி, கரி, சேஃப்டி பின், தீக்குச்சி எதுவும் கிட்டே வரக்கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவர் ஈறை அளந்து பார்த்துச் சுத்தம் செய்வார்; எலும்பு மட்டத்தை எக்ஸ்ரேயில் பழைய படத்தோடு ஒப்பிடுவார். வேறு மருத்துவரிடம் போனால் முதலில் "இது டைட்டானியம்" என்று சொல்லிவிட வேண்டும். சுரண்டும் கருவியும் அமிலம் கலந்த ஃபுளூரைடு ஜெல்லும் அதற்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சர்க்கரையைக் கட்டில் வைப்பதும், சிகரெட், வெற்றிலையோடு சேரும் புகையிலை இரண்டையும் விடுவதும் இந்தப் பட்டியலில் சேர்ந்தவையே. செலவுக்குத் தயங்குபவர்களுக்கு கோரிமேட்டில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இதெல்லாம் கை நன்றாக இருக்கும் வரை. பிறகு?

எங்கள் வீதியில் ஒரு பெரியவர் பக்கவாதத்தில் படுத்தார். பேச்சு போய்விட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில். பார்த்துக்கொள்ள ஆள் வைத்தார்கள். நல்ல பையன், குளிப்பாட்டுவான், ஊட்டுவான். வாயைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் நாற்றம் தாங்காமல், இது பல் செட் என்று நினைத்துக் கழற்றிக் கழுவ முயன்றிருக்கிறான். எலும்போடு ஒட்டிய ஆணி எப்படி வரும்? பெரியவர் கண்ணில் தண்ணீர் வழிந்ததைப் பார்த்துத்தான் விட்டானாம். அன்றிலிருந்து இந்தக் கவலை எனக்குள் உட்கார்ந்துவிட்டது.

படுக்கையில் கிடப்பவரின் வாய்க் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்கும் இறங்கும். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு வருஷம் பார்த்தார்கள். உதவியாளர்கள் சாப்பாட்டுக்குப் பின் வாயைச் சுத்தம் செய்துவிட்ட முதியவர்களுக்கு நிமோனியா குறைவாக வந்தது. பல் தேய்த்துவிடுவது அழகுக்காக அல்ல, உயிருக்காக.

ஆகவே ஒரு தாள் எழுதினேன். எந்தப் பக்கம், எத்தனையாவது பல், வைத்த மாதம், வருஷம், ஆணியின் கம்பெனி, அளவு. "இது கழற்றும் பல் அல்ல. தினம் இரண்டு வேளை மிருதுவான பிரஷ்ஷால், இரவில் சின்ன பிரஷ்ஷால் சுத்தம் செய்யவும். ரத்தமோ சீழோ கண்டால் மருத்துவரைக் கூப்பிடவும்." அவ்வளவுதான், பத்து வரி. சம்சாரத்திடம் படித்துக் காட்டினேன். "என் பல் செட்டைப் பத்தியும் எழுதுங்க, ராத்திரி கழட்டித் தண்ணியில போடணும்னு" என்றாள். அதையும் சேர்த்தேன்.

ஒரு நகல் பென்ஷன் புத்தகத்தோடு. இன்னொன்று பிரிட்ஜ் கதவில். மூன்றாவதை மகனுக்கு அனுப்பினேன். "என்னப்பா இது, இப்பவே" என்று போன் செய்தான். "இப்போது எழுதினால்தான் நான் எழுத முடியும்" என்றேன். வாத்தியார் மிச்சமிருக்கும் ஒற்றை ஆணிக்காக அதைப் பார்த்து எழுதிக்கொண்டார். உங்கள் வாயிலும் ஒன்று இருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து எழுதிவிடுங்கள்.