பாணும் கறுவாவும்

ஒரு நகரத்துக்குச் செல்பவன் அதனைக் கண்ணாலும் நாவாலும் அறிகின்றான். கண்ணுக்குப் புலப்படுவது பெரும்பாலும் அதனைக் கட்டுவித்தோரின் பெருமை. நாவுக்குக் கிடைப்பதோ அங்கு வாழ்வோரின் அன்றாட வாழ்க்கை. இவ்விரண்டும் ஒன்றோடொன்று இணங்காத நகரங்களும் உள. போர்த்துக்கலின் தலைநகராகிய லிஸ்பன், யாழ்ப்பாணத்திலிருந்து செல்லும் ஒருவனுக்கு அத்தகைய நகரமே.

யூன் மாதத்தின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்து இளைஞன் ஒருவன் அந்நகரில் ஐந்து நாட்கள் தங்கினான். விமானச் சீட்டுக்குப் பணம் கொடுத்தவர் பாரிசில் வாழும் அவனுடைய தாய்மாமன். கொடுக்கும்போதே அவர் கேட்டார்: "எங்கடை நல்லூர்க் கோயிலை இடிச்சவன்ரை ஊரிலை உனக்குப் பார்க்க என்ன கிடக்கு?" அவனிடம் விடை இருக்கவில்லை. யாழ்ப்பாண அரசு 1619 இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்ததும், 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தரைமட்டமாக்கப்பட்டதும் பள்ளிக்கூடத்திலேயே அவன் படித்தவை. மாமனின் கேள்வியைச் சுமந்துகொண்டே அவன் லிஸ்பனில் வந்திறங்கினான்.

முதல்நாட் காலையில் அல்பாமாப் பகுதியில் நடந்தான். குன்றின் சரிவிலே படிக்கட்டுகளே தெருக்களாக அமைந்த பழைய குடியிருப்பு அது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒதுங்கவேண்டிய ஒழுங்கைகள். மேலே யன்னலுக்கு யன்னல் கட்டிய கொடிகளில் ஈரத்துணிகள். ஒரு சிறிய உணவுக்கடையில் அவன் நுழைந்தபோது, கடைக்காரக் கிழவர் "கதைரா" என்று சொல்லி ஓர் இருக்கையைக் காட்டினார். "மேசா" என்று சொல்லிக்கொண்டே அதன் முன்னிருந்த பலகையைத் துடைத்தார். "பாவ்ங்" என்று மூக்கொலியோடு கூறி ரொட்டித் துண்டுகளை வைத்தார். இளைஞனுக்கு அம்மொழி தெரியாது. ஆயினும் அவர் சொன்னவை யாவும் விளங்கின.

கதிரையை இழுத்துப்போட்டு, மேசையிலே பாணை வைத்து, யன்னலைத் திறந்து, அலுமாரியைச் சாவியாற் பூட்டி, தாச்சியில் மீன் பொரிக்கும் அம்மம்மாவை அவன் நினைத்துக்கொண்டான். அவருடைய ஒரு காலைப்பொழுதுக்கு வேண்டிய சொற்களிற் பாதி இந்நகரத்துக்குரியவை. லிஸ்பன் என்னும் பெயரையே அவர் அறியார். அச்சொற்களைத் தம் தாயிடமிருந்தே அவர் கற்றார். ஆதலால் அவை அவருக்குத் தமிழே. கோயிலை இடித்தவர்களின் மொழி அடுக்களை வழியாக வீட்டினுள் நுழைந்து, நானூறு ஆண்டுகளாக அங்கேயே இருந்துவிட்டது. மாமன் கேட்ட கேள்விக்குள்ளும் போர்த்துக்கேயச் சொல்லொன்று இருந்ததா என்று அவன் எண்ணிப் பார்த்தான். இருக்கவில்லை. ஆனால் மாமன் அதனைக் கேட்டது கதிரையில் அமர்ந்துகொண்டுதான்.

லிஸ்பனைக் காணும் இன்பத்தின் பெரும்பகுதி ஏறுவதிலும் இறங்குவதிலுமே உள்ளது. மரத்தாலான சிறிய மஞ்சள் நிறத் திராம் வண்டிகளில் 28 ஆம் இலக்கத்தது, வீட்டுச் சுவர்களை உரசுவதுபோல வளைந்து வளைந்து மேடேறுகின்றது. மேலே சென் ஜோர்ஜ் கோட்டையில் நின்றால் செவ்வோட்டுக் கூரைகளும், கடலோ என்று ஐயுறத்தக்க அகலமுடைய தேஜோ ஆறும் தெரியும். எதிர்மேட்டில், மேற்கூரையின்றி வானத்தைத் தாங்கி நிற்கும் கல்வளைவுகள் கார்மோ மடாலயத்தின் எச்சங்கள். 1755 நவம்பர் முதலாந் திகதி, சகல புனிதர் திருநாட் காலையில், கோயில்கள் நிறைந்திருந்த வேளையில் பூமி அதிர்ந்தது. தொடர்ந்து கடல் பொங்கி வந்தது, தீயும் பரவியது. ஆற்றங்கரையிலிருந்த அரண்மனையும், கீழைநாட்டு வணிகத்தை நிருவகித்த இந்திய இல்லமும் அழிந்தன. கீழ்நகரைப் பொம்பல் பிரபு நேர்த்தெருக்களாக மீளக் கட்டுவித்தார். கார்மோவின் கூரை மட்டும் மீண்டும் வேயப்படவில்லை. 2004 இல் ஆழிப்பேரலையைக் கண்ட நாட்டிலிருந்து வந்தவனுக்கு அவ்வளைவுகளைப் பற்றி எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் அவன் நகரின் மேற்குப் புறமாகிய பெலேமுக்குச் சென்றான். முதலில் அங்குள்ள புகழ்பெற்ற பலகாரக் கடை. மடாலயங்களில் துறவியரின் ஆடைகளுக்குக் கஞ்சி போட முட்டையின் வெள்ளைக்கரு பயன்பட்டதாம். எஞ்சிய மஞ்சட்கருவைக்கொண்டு பிறந்தவையே போர்த்துக்கலின் இனிப்புகளிற் பல என்பர். 1834 இல் துறவற மடங்கள் மூடப்பட்டன. பெலேம் மடாலயத்தின் செய்முறையைக்கொண்டு 1837 இல் இக்கடை தொடங்கிற்று. கிண்ணம்போன்ற மொறுமொறுப்பான மாவோட்டினுள், மேற்புறம் ஆங்காங்கே கருகிய முட்டைப்பாகு. அதன்மேல் கறுவாத்தூளைத் தூவிச் சூட்டோடு உண்ணவேண்டும்.

உண்டான், மிகச் சுவையாகவே இருந்தது. விரலில் ஒட்டிய தூளை முகர்ந்தபோது, மழைக்காலத்தில் வீட்டில் வைக்கும் தேநீரின் மணம் வந்தது. இன்று அத்தூள் எந்நாட்டிலிருந்து வருவதாயினும், ஒருகாலத்தில் இந்நகரத்துப் பண்டசாலைகளை நிரப்பியது இலங்கைக் கறுவா. 1505 இல் கொழும்பில் ஒதுங்கிய கப்பல்களை மீண்டும் மீண்டும் வரச்செய்ததும், கோட்டை அரசனிடம் திறையாகப் பெறப்பட்டதும் அதுவே. அம்மணத்தைப் பின்தொடர்ந்து வந்த படை, காலப்போக்கில் வடக்கே யாழ்ப்பாணத்தையும் எட்டியது.

கடையிலிருந்து சில நிமிட நடையில் ஜெரோனிமோஸ் மடாலயம். மனுவேல் மன்னன் காலத்தில், பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழத்தொடங்கிய அக்கட்டடத்துக்குப் பொருள் தந்தது கீழைக்கடல் வணிகத்தின் மீது விதிக்கப்பட்ட இருபதிலொரு பங்கு வரி. கப்பற் கயிறுகளும் கொடிகளும் கடல்வாழ் உயிர்களும் வெண்சுண்ணக்கல்லில் மெழுகுபோல் வடிக்கப்பட்டுள்ளன. உட்புறத்தில் வஸ்கொடகாமா கல்லாலான பாயலிற் கைகூப்பிப் படுத்திருக்கின்றான். அழகில் எக்குறையும் காண இயலாது. எனினும் அத்தூண்களிடையே நின்றவனுக்கு வேறொரு கல் நினைவுக்கு வந்தது. திருக்கோணேசர் கோயிலை இடித்த கற்களைக்கொண்டு போர்த்துக்கேயர் திருகோணமலையில் எழுப்பிய கோட்டையின் வாயிலில், தமிழ்ச் சாசனம் பொறித்த கல்லொன்று இன்றும் உள்ளது. அதுவும் சிற்பியின் கைபட்ட கல்லே. இங்கே கல்லுக்குப் பூவேலை செய்த அதே நூற்றாண்டின் அரசு, அடுத்த நூற்றாண்டில் அங்கே கல்லைப் பெயர்த்தது. மாமன் கேட்டது நியாயமே என்று அப்போது அவனுக்குத் தோன்றியது. உண்ட இனிப்பு நாவிலே கசக்கவில்லை. கசக்கவில்லையே என்பதுதான் அவனை வருத்தியது.

மறுநாள் அவன் பேரெழில்களை நாடவில்லை. அல்பாமாக் கிழவரின் கடைக்கே மீண்டும் சென்றான். கோவா இலையை நூல்போல் அரிந்து உருளைக்கிழங்குக் கூழிலிட்ட பச்சை ரசம் வந்தது. கோவாவுக்கு அவர்கள் கூறும் பெயரும் 'கோவ்' என்றே ஒலித்தது. அடுத்து வந்தது பக்கல்யாவ் என்னும் உப்புக் கருவாடு. இம்மீன் போர்த்துக்கலின் கடலில் வாழ்வதன்று. நியூபவுண்லாந்து, நோர்வே முதலிய குளிர்க்கடல்களிற் பிடிபடுவது. ஒரு நாளுக்கு மேலாக நீரை மாற்றிமாற்றி ஊறவைத்து உப்பை இறக்கி, நாராகக் கிழித்து, வெங்காயத்தோடும் பொரித்த மெல்லிய உருளைக்கிழங்குச் சீவலோடும் முட்டையிட்டுக் கிண்டுகின்றனர். கருவாட்டைக் கொண்டாடும் மக்கள் எங்கும் வறுமையை அறிந்தவர்கள். வாசனைத்திரவியக் கப்பல்கள் வந்துபோன ஆற்றின் கரையிலேயே, ஆண்டுக்கணக்கிற் கெடாத உப்புமீனை நம்பி வாழ்ந்த குடும்பங்களும் இருந்தன. மடாலயத்தைக் கட்டிய செல்வம் இவ்வொழுங்கைகளுள் நுழைந்ததற்கான அடையாளம் எதனையும் அவன் காணவில்லை.

அன்று மாலை றொசியோ சதுக்கத்துக்கு அருகிலுள்ள சன்டொமிங்கோஸ் கோயிலுக்குள் நுழைந்தான். 1959 இல் அக்கோயில் தீப்பற்றி எரிந்தது. பின்னர் கூரையிட்டு மீண்டும் வழிபாட்டுக்குத் திறந்தபோதும், வெந்து வெடித்த தூண்களை அவர்கள் பூசி மறைக்கவில்லை. செங்காவி படிந்த சுவர்களிடையே மெழுகுதிரிகள் எரிகின்றன. வெளியே முற்றத்தில், 1506 இல் இவ்விடத்திலே தொடங்கிய கலவரத்திற் கொல்லப்பட்ட யூத மக்களுக்காக 2008 இல் நிறுத்தப்பட்ட நினைவுக்கல் உள்ளது. அதற்குச் சில அடிகளுக்கு அப்பால், புளிப்புச் செரிப்பழ மதுவைச் சின்னஞ்சிறு குவளைகளில் வார்த்து விற்கும் பழைய கடையொன்று. மக்கள் குவளையோடு அக்கல்லைச் சூழ நின்று உரையாடுகின்றனர்.

1981 இல் எரியூட்டப்பட்டு, பின்னர் முன்போலவே வெண்ணிறமாக மீளக் கட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை அவன் எண்ணினான். அங்கே தீயின் வடு கண்ணுக்குத் தெரிவதில்லை. தீயைக் காணாத தலைமுறைக்கு அதனை யாராவது வாய்திறந்து சொல்லவேண்டியிருக்கின்றது. தான் செய்த கொலையைத் தன் முற்றத்திலேயே எழுதிவைக்க இந்நகரத்துக்கு ஐந்நூறு ஆண்டுகள் வேண்டியிருந்தன. தொலைவிலே செய்தவற்றுக்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் வேண்டுமோ? அத்துணைக் காலமும் இங்கு வருவோர் அழகைக் காணாதிருத்தல் இயலாது. இனிப்பை உண்ணாதிருத்தலும் வேண்டியதன்று. அறிந்துகொண்டு காண்பதும் அறிந்துகொண்டு உண்பதுமே வருவோர் செய்யக்கூடியது என்று அவனுக்குப் பட்டது.

இறுதி இரவு யூன் 12. மறுநாள் புனித அந்தோனியார் திருநாள். கச்சதீவில் இரு கரை மீனவரும் கூடி வணங்கும் அதே அந்தோனியார் பிறந்தது லிஸ்பனில் என்பதை அவன் அங்கு வந்தே அறிந்தான். அல்பாமா முழுவதும் வண்ணக் கடதாசித் தோரணங்கள். வாசலுக்கு வாசல் தணலடுப்புகள். அவற்றின்மேல் கல்லுப்புத் தூவிய மத்தி மீன்கள். புகையினூடே ஒரு மூதாட்டி ஒரு மீனை எடுத்துப் பாண் துண்டொன்றின் மேல் வைத்து அவனிடம் நீட்டினாள். முள்ளை நீக்கி மீனை உண்டபின், நெய் ஊறிய பாணைக் கடைசியாக உண்ணவேண்டும் என்று கையசைவாற் காட்டினாள். அவ்வாறே உண்டான்.

அறைக்குத் திரும்பியதும் ஊருக்குத் தொலைபேசியில் அழைத்தான். அங்கே பொழுது புலர்ந்திருந்தது. அம்மம்மா முதலிற் கேட்டது எப்போதும் கேட்பதையே: "என்ன மோனை சாப்பிட்டனி?"

"பாணும் மீனும், அம்மம்மா."

"அதுக்கே இவ்வளவு தூரம் போனனி?" என்றார் அவர்.