ஹார்பர் லைனில் ஒரு கேமரா: போரி பந்தரிலிருந்து குர்லா வரை

1925 பிப்ரவரி 3 அன்று பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து நான்கு பெட்டிகளோடு ஒரு ரயில் குர்லாவுக்குக் கிளம்பியது. முன்னால் எஞ்சின் கிடையாது. கரி, புகை எதுவும் இல்லை. தலைக்கு மேல் ஓடிய கம்பியில் 1,500 வோல்ட் மின்சாரம், அவ்வளவுதான். பம்பாய் கவர்னர் சர் லெஸ்லி வில்சன் தொடங்கிவைத்த அந்த வண்டிதான் இந்தியாவின் முதல் மின்சார ரயில். அது ஓடிய 16 கிலோமீட்டர் தடத்தை இன்று ஹார்பர் லைன் என்கிறார்கள். லைன் இப்போது பன்வெல் வரை போய்விட்டது. ஆனாலும் அந்த முதல் ஓட்டம் முடிந்த இடம் குர்லா.

கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு விடுமுறை நாளில் சுற்றக் கிளம்பும் ஒருவருக்கு மும்பையில் ஒரே ஒரு வழி சொல்ல வேண்டுமானால், இந்த வழியைத்தான் சொல்ல வேண்டும். கேட்வே ஆஃப் இந்தியாவும் மரீன் டிரைவும் லட்சம் முறை எடுக்கப்பட்டுவிட்டன. கப்பல் கட்டும் தளம், பருத்திக் கிடங்கு, பூநாரைக் கூட்டம், அபங்கம், கர்நாடக சங்கீதம், திருநெல்வேலித் தமிழ் எல்லாம் இந்தப் பதினாறு கிலோமீட்டரில் அடுத்தடுத்த நிலையங்களில் ஏறி இறங்குகின்றன. செலவு ஒரு லோக்கல் டிக்கெட்.

இந்த ஊரில் அமெச்சூர் புகைப்படக் கலைக்கும் ரயிலுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. 1853 ஏப்ரல் 16-இல், பின்னால் விக்டோரியா டெர்மினஸ் எழுந்த போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு முதல் பயணிகள் ரயில் ஓடியது. அடுத்த ஆண்டே, 1854-இல், பம்பாய் புகைப்படச் சங்கம் உருவானது. லண்டனில் அப்படி ஒரு சங்கம் தோன்றி ஓராண்டுதான் ஆகியிருந்தது. கல்கத்தாவும் சென்னையும் அதற்குப் பிறகுதான். டாக்டர் பாவ் தாஜி அதில் உறுப்பினர். அவர் தம்பி நாராயண் தாஜியும் மருத்துவர், அவரும் படமெடுத்தவர். அரசு அலுவலக குமாஸ்தாவாக இருந்த வில்லியம் ஜான்சன், வில்லியம் ஹெண்டர்சனோடு சேர்ந்து 1856 டிசம்பர் முதல் ‘இந்தியன் அமெச்சூர்ஸ் போட்டோகிராஃபிக் ஆல்பம்’ என்ற மாத வெளியீட்டைக் கொண்டுவந்தார். படங்களை அச்சடிக்கும் வசதி அன்றைக்கு இல்லை. ஒவ்வொரு பிரதியிலும் அசல் புகைப்படங்களையே ஒட்டினார்கள். பம்பாயின் தெருக்கள், தொழில்கள், சமூகங்கள், உடைகள்தான் அதில் பொருள்.

சென்னை மாகாணத்தில் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் ஒரு படை அதிகாரி. நீண்ட விடுப்பில் ஊருக்குப் போயிருந்தபோது தன் ஆசைக்காகக் கற்றுக்கொண்ட கலை அது. 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீளச் சுருளாக இணைத்தார். வேறொரு வேலையால் பிழைத்தவர்கள், வேலை முடிந்த நேரத்தில் கற்ற கலையால் நமக்கு விட்டுப்போன சொத்து இவை.

ரயிலில் ஏறுவதற்கு முன் வெளிச்சத்தின் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். விக்டோரியா டெர்மினஸுக்கு இன்றைய பெயர் சிஎஸ்எம்டி. அங்கிருந்து லைன் வடக்கே போகிறது. துறைமுகமும் கடலும் கிழக்கே. அதனால் காலையில் குர்லா நோக்கிப் போகிறவருக்கு வலது ஜன்னல் வழியாக வெயில் வரும். ஜன்னல் கம்பிகளின் நிழல் எதிர்ச் சீட்டில் இருப்பவரின் சட்டையில், செய்தித்தாளில், தூங்கும் முகத்தில் கோடு கோடாக விழும். வண்டி வளையும்போது அந்தக் கோடுகளும் நகரும். மாலையில் திரும்பினால், மேற்கிலிருந்து வரும் சாய்வெயில் அதே வலது பக்கத்தில் கிடைக்கும். மழைக்காலத்தில் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் வெளிச்சத்தை வடிகட்டி எல்லா முகத்திலும் சமமாகப் பூசிவிடும். மும்பை மழையில் எடுத்த முகங்கள் அழகாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

சிஎஸ்எம்டியில் ஹார்பர் வண்டிகள் 1, 2 பிளாட்பாரங்களிலிருந்து புறப்படுகின்றன. 1878-இல் தொடங்கி பத்தாண்டுகளில் எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ் எழுப்பிய இந்தக் கட்டிடம் 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வாசலின் சிங்கத்தையும் புலியையும், கோபுர உச்சியின் பெண் சிலையையும் எல்லோரும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கல்லில் செதுக்கிய இலை, குரங்கு, மயில் ஆகியவற்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பம்பாய் கலைப்பள்ளி மாணவர்களின் கைவேலை அதில் கலந்திருக்கிறது. ஒன்று நினைவிருக்கட்டும்: ரயில்வே வளாகத்தில் வணிக நோக்கில் படமெடுக்க முன் அனுமதி கட்டாயம். ஸ்டாண்டை விரித்தால் காவலர் வருவார். கையில் பிடித்து எடுப்பதே நல்லது. ஓடும் வண்டியின் வாசலில் தொங்கிக்கொண்டு எடுக்க வேண்டிய படம் என்று உலகில் ஒன்றும் கிடையாது.

மஸ்ஜித் தாண்டி சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு. இங்கே ஹார்பர் லைன் மாடியில், மெயின் லைன் கீழே. ஒரே நிலையத்தில் இரண்டு தளங்கள். மேலே ஒரு வண்டியும் கீழே ஒரு வண்டியும் ஒரே நொடியில் கடக்கும்போது கிடைக்கிற காட்சிக்குப் பொறுமை மட்டும் போதும். 1910 டிசம்பரில் இந்த லைன் முதலில் குர்லாவுக்கும் ரே ரோடுக்கும் இடையேதான் திறக்கப்பட்டது. நகரின் நெரிசலுக்கு மேலே தூண்களில் ஏறி விக்டோரியா டெர்மினஸை எட்டியது பின்னால்தான்.

டாக்யார்டு ரோடில் இறங்கினால் மேட்டின் மேல் ஜோசப் பாப்டிஸ்டா பூங்கா. அங்கிருந்து துறைமுகத்தின் கிரேன்களும் கீழே போகும் ரயிலும் ஒரே சட்டகத்துக்குள் வரும். பக்கத்து மஜ்காவ் கப்பல் கட்டும் தளத்தில் கடற்படைக் கப்பல்கள் கட்டுகிறார்கள் என்பதை மறக்காமல், நெருக்கமாக இழுக்கும் லென்ஸைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். அடுத்த ரே ரோடு பக்கம் தாருகானாவில் பழைய கப்பலை உடைக்கிறார்கள். காட்டன் கிரீனில், கொலாபாவிலிருந்து பெயர்ந்து வந்த பருத்தி வணிகத்துக்காகக் கட்டிய கிடங்குகளைப் பார்க்கலாம்.

சிவ்ரியில் பறவைக்காரர்கள் இறங்குகிறார்கள். 1990-களின் நடுவிலிருந்து பூநாரைகள் இந்தச் சேற்றுத் திட்டுக்கு வருகின்றன. ஏறத்தாழ நவம்பரில் வந்து மே மாதம்வரை தங்கும். எண்ணெய்த் தொட்டிகளும் பழுதுக்கு வந்த படகுகளும் நிற்கிற கரைக்கு எதிரே அவை இளஞ்சிவப்பாக நிற்கின்றன. ரயிலுக்கு நேரம் பார்ப்பதைவிட இங்கே கடலுக்கு நேரம் பார்க்க வேண்டும். அலை ஏறும்போதுதான் தண்ணீர் பறவைகளைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும். வற்றிவிட்டால் அவை தொலைவில் புள்ளிகளாகிவிடும். 2024 ஜனவரியில் திறந்த அடல் சேது, 21.8 கிலோமீட்டர் நீளப் பாலம், சிவ்ரியில்தான் தொடங்குகிறது. பறவையை மட்டும் வெட்டி எடுத்து, பாலத்தையும் தொட்டிகளையும் ஒளித்து வைக்கிற படங்கள் பொய் சொல்கின்றன. இரண்டும் சேர்ந்திருப்பதே சிவ்ரி.

வடாலாவில் சங்கீதம் தொடங்குகிறது. அங்குள்ள விட்டல் கோயிலைப் ‘பிரதி பண்டரிபுரம்’ என்கிறார்கள். ஆஷாடி ஏகாதசியன்று, பண்டரிபுரம் போக முடியாதவர்களெல்லாம் இங்கே வந்து நிற்பார்கள். ஜால்ரா, மிருதங்கம், தோளில் சாய்த்த வீணை, நெற்றியில் கோபி சந்தனம், தலைமேல் துளசி மாடத்தோடு வரும் பெண்கள். ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ வரும் நாள் என்பதால் பெரும்பாலும் மழையும் கூடவே வரும். தமிழ் வாசகருக்கு இந்த இசை அந்நியமானதில்லை. விட்டலைப் பாடும் மராத்திப் பக்திப் பாடலான அபங்கம், மராட்டியர் ஆண்ட தஞ்சையின் பஜனை மடங்களில் எப்போதோ குடியேறிவிட்டது. பம்பாயில் பிறந்து வளர்ந்த அருணா சாய்ராம் கச்சேரி மேடையில் அபங்கம் பாடத் தொடங்கியபோது சபைகள் அதைக் கொண்டாடின. இதே பாட்டை லோக்கல் ரயிலிலும் கேட்கலாம். தினமும் ஒரே பெட்டியில் ஏறும் அலுவலகக்காரர்கள் மண்டலியாகச் சேர்ந்து, ஜால்ராவோடு பாடிக்கொண்டே ஊர் போய்ச் சேருகிறார்கள்.

பாட்டைப் படமெடுக்க முடியாது. கையைத்தான் எடுக்க முடியும். வடாலாவிலிருந்து ஒரு நிலையம் தள்ளி, கிளை லைனில் இருக்கும் கிங்ஸ் சர்க்கிளில் இறங்கி ஷண்முகானந்தா அரங்கத்துக்குப் போனால் இது புரியும். 1952-இல் தொடங்கிய அந்தச் சபாவின் அரங்கம் 1963-இல் எழுந்தது. 1990-இல் தீயில் அழிந்து, 1998-இல் மறுபடி திறந்தது. மேடையில் பாடகரைப் படமெடுக்க நூறு பேர் இருப்பார்கள். தொடையில் ஆதி தாளம் போடும் பெரியவரின் விரல்களையும், தம்பூரா மீட்டும் பெண்ணின் மூடிய கண்களையும் யாராவது எடுக்க வேண்டும். ஃபிளாஷ் கூடாது. ஷட்டர் சத்தம் கேட்கும் கேமராவை எடுத்துக்கொண்டு ஆலாபனையின் நடுவே எழுந்து நிற்பவருக்கு மன்னிப்பே கிடையாது. வெளியே வந்தால் மாட்டுங்கா. பூக்கடை, வாழையிலை, 1940-இல் தொடங்கிய கஃபே மெட்ராஸ் வாசலில் பெயர் கொடுத்துக் காத்திருக்கும் கூட்டம். காலை ஏழு மணி வெயிலில் மல்லிகைக் குவியல் எந்த லென்ஸுக்கும் நல்ல படமாகும்.

மறுபடி குர்லா தடத்துக்கு வந்தால் ஜிடிபி நகர், பழைய பெயர் கோலிவாடா. பிரிவினையில் வந்த பஞ்சாபி, சிந்திக் குடும்பங்களின் அகதி முகாம் இருந்த இடம் இது. இவர்களோடு தமிழர்களும் நிறைந்த பகுதி. சயான் கோலிவாடா தொகுதியிலிருந்து 2014 முதல் ஒரு தமிழர் சட்டமன்றம் போய்க்கொண்டிருக்கிறார். இங்கிருந்து சயானைக் கடந்து மேற்கே போனால் தாராவி.

தாராவியைப் பற்றிச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலானோர் மனதில் இருக்கும் தாராவி சினிமாவில் பார்த்தது. ‘நாயகன்’ (1987) படத்துக்காகத் தோட்டா தரணி அந்தச் சந்துகளைச் சென்னையில் செட்டாகப் போட்டார், பி.சி. ஸ்ரீராம் அதற்கு ஒளி கொடுத்தார், இருவருக்கும் தேசிய விருது கிடைத்தது. ‘காலா’ (2018) படத்துக்கும் சென்னையில்தான் தாராவி செட் எழுந்தது. அந்த ஒளியின் அழகை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அசல் தாராவியில் வெளிச்சம் வேறு மாதிரி விழுகிறது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்தில், உச்சிவேளையில் மட்டும், தகரக் கூரைகளின் இடைவெளி வழியாக ஒரு கயிறு போல இறங்குகிறது. விடியுமுன் இட்லிப் பாத்திரம் தூக்கிக் கிளம்புகிறவர்களுக்கு அந்த வெளிச்சம்கூடக் கிடையாது, குழல் விளக்குதான். தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மராத்தி, இந்தி, தமிழ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுகிறார்கள். பொங்கலன்று 90 அடி சாலைப் பக்கம் பெண்கள் தெருவிலேயே அடுப்பு கூட்டிப் பானை வைப்பார்கள். அந்தப் புகை ஊடே வரும் காலை வெயிலைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இங்கே கேமரா தூக்குகிறவருக்கு ஒரு கடமை இருக்கிறது. சுற்றுலா வந்து, வறுமையைச் சேகரித்துக்கொண்டு போகும் படங்கள் தாராவிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. “அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டு, வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு நகர வேண்டும். எடுத்தால், அடுத்த முறை ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தொழில்முறைக்காரருக்குக் கெடு இருக்கும், திரும்பிவர நேரம் இருக்காது. அமெச்சூருக்குத் திரும்பி வர முடியும். அவருடைய பலமே அதுதான்.

சூனாபட்டி சின்ன நிலையம். அதைத் தாண்டி வண்டி குர்லாவுக்குள் நுழைகிறது. ஜாம்ஷெட்ஜி டாட்டா 1886-இல் நொடித்துப்போன ஆலையை வாங்கி ஸ்வதேசி மில் ஆக்கியது குர்லாவில்தான். விஹார், பவாய் ஏரிகளின் உபரியில் பிறக்கும் மித்தி ஆறு இந்த ஊரைத் தொட்டுத் தாராவிப் பக்கமாக மாஹிம் கடலுக்குப் போகிறது. 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது அந்த ஆறு குர்லாவை மூழ்கடித்தது. 1925-இல் தொடங்கிய 1,500 வோல்ட் மின்சாரமும் 2016 ஏப்ரலில் இதே தடத்தில்தான் விடைபெற்றது. மும்பையில் கடைசியாக அந்த மின்சாரத்தில் ஓடிய லோக்கல், குர்லாவிலிருந்து சிஎஸ்எம்டி போனது.

நிலையத்திலிருந்து சற்றுத் தூரத்தில் லோக்மான்ய திலக் டெர்மினஸ். தமிழர்களுக்கு அது இன்னும் குர்லாதான். கோயம்புத்தூரிலும் சேலத்திலும் தர்மபுரியிலும் ‘குர்லா எக்ஸ்பிரஸ்’ என்று சொன்னால் குழந்தைக்கும் தெரியும். கயிறு கட்டிய பெட்டிகள், தண்ணீர் பாட்டில்கள், மடியில் தூங்கும் பிள்ளைகள், வழியனுப்ப வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடக்கும் அண்ணன்கள். மும்பைத் தமிழரின் வரலாறு இந்த பிளாட்பாரத்தில் வந்து இறங்கி, இங்கிருந்தே ஊர்த் திருவிழாவுக்குப் போய்வருகிறது.

தாராவி மறுசீரமைப்புக்கான ஒப்பந்தப்புள்ளி 2022-இல் முடிவாகிவிட்டது. சந்துகள் போகும். அவற்றோடு பொங்கல் பானை வைத்த இடமும், இட்லிக்காரர் கிளம்பிய வாசலும் போகும். ஒரு தலைமுறைக்கு முன் அக்ஃபா கிளிக் த்ரீ கேமராவில், ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம் என்று எண்ணி எண்ணி எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் குர்லா, செம்பூர், தாராவி வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் இன்னும் கிடக்கின்றன. அவற்றில் இருப்பவர்களின் பெயர் சொல்லத் தெரிந்த பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். மும்பையில் வாழும் தமிழ் இளைஞர்கள் அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு பாட்டியின் அருகில் உட்கார்ந்து, ஒவ்வொன்றின் பின்னாலும் பெயர், தெரு, ஆண்டு மூன்றையும் எழுதிவிட வேண்டும். பிறகு தங்கள் கைபேசியோடு அதே தெருவுக்குப் போக வேண்டும். இந்த வேலையை வெளியூரிலிருந்து வரும் எந்தப் பெரிய புகைப்படக்காரரும் செய்துதர மாட்டார்.