நகத்தையும் பாருங்கள் சிஸ்டர்

பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டை பக்கம் தறிக்காரர்களுக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் மெடிக்கல் ஷாப்தான். இரண்டு நாள் ஆன்டிபயாடிக், சூடு தணிந்ததும் மறுபடி தறி. சில நாளில் திரும்பவும் காய்ச்சல், இரவில் வியர்வை, உடம்பு இளைப்பு. இதய வால்வில் கிருமி குடியேறும் எண்டோகார்டைட்டிஸ் பெரும்பாலும் இப்படித்தான் மெல்ல ஆரம்பிக்கும்.

*

யாரைச் சந்தேகிப்பது? சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டவர், செயற்கை வால்வு வைத்தவர், பிறவி இதயக் கோளாறு உள்ளவர், டயாலிசிஸில் இருப்பவர். மூன்று வாரத்துக்கொரு பென்சிலின் ஊசி என்று சீட்டில் இருந்தால் இன்னும் உஷார்.

*

மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் 1885இல் லண்டனில் எண்டோகார்டைட்டிஸ் பற்றி மூன்று விரிவுரைகள் ஆற்றினார். இந்நோயின் அடையாளமாக, அவர் பெயரால் வழங்கும் முடிச்சுகள் விரல்நுனியில் வரும், தொட்டால் வலிக்கும். உள்ளங்கையிலும் பாதத்திலும் வரும் ஜேன்வே புள்ளிகள் வலிக்காது.

*

இன்னொரு அடையாளம், நகத்தடியில் சிராய் ஏறியதுபோல் கருஞ்சிவப்புக் கோடு. தறி வேலையில் அடிபட்டாலும் வரும். அப்படி வந்தது பெரும்பாலும் நகநுனியை ஒட்டியிருக்கும். நகத்தின் அடிப்பக்கம், பல விரல்களில், புதிதாகத் தெரிந்தால் கேஸ் ஷீட்டில் எழுதி டாக்டரிடம் சொல்ல வேண்டும். மருதாணி விரலிலும் கருத்த தோலிலும் ஏமாறலாம். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் ரத்தப் புள்ளிகள் தெரியலாம்.

*

ரத்த கல்ச்சர்: ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸுக்கு முன்பு, வெவ்வேறு இடங்களில் குத்தி, மூன்று முறை. மருந்து முந்திக்கொண்டால் கிருமி வளராமல் போகலாம். சிகிச்சையோ நான்கு முதல் ஆறு வாரம் நரம்பு ஊசி. எந்தக் கிருமிக்கு என்று தெரியாமல் போடுவது கொடுமை. பிரஷர் இறங்கி உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் மருந்தைத் தாமதிக்கக் கூடாது.

*

உடனே டாக்டரைக் கூப்பிட: வாய் கோணுதல், கை கால் விழுதல், இடது விலாவடி வலி, சிறுநீரில் ரத்தம், படுத்தால் மூச்சுத் திணறல். வயதானவருக்குக் காய்ச்சலே இல்லாமலும் இருக்கும்.

*

வால்வு தவிர இதயத்தின் மற்றப் பகுதிகளையும் பாருங்கள். முன்னால் குனிந்தால் நெஞ்சுவலி குறைகிறதா? இதய உறையில் அழற்சி இருக்கலாம். நம் ஊரில் காசநோயையும் தேட வேண்டும். காய்ச்சலின் அளவுக்குப் பொருந்தாமல் நாடி வேகமாக ஓடினால் இதயத் தசையில் அழற்சியைச் சந்தேகிக்கலாம்.

*

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போகிறவர்களுக்கு: வால்வு மாற்றியிருந்தால் அலகு குத்த வேண்டாம், பால்காவடி போதும். பல் பிடுங்கும் முன்னும் வால்வு விஷயத்தைச் சொல்லுங்கள். ஒரு டோஸ் ஆன்டிபயாடிக் முன்கூட்டியே தேவைப்படலாம்.

*

வால்வு கோளாறு உள்ளவருக்குக் காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை கேட்காதீர்கள். பழைய எக்கோ ரிப்போர்ட்டோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், “கல்ச்சர் எடுக்கணுமா?” என்று கேளுங்கள்.